ஸ்லிப் கேஜ் காலிபரேஷன் சான்றிதழ் குறித்துப் புகார்

அனுப்புநர்: லேத் பட்டறை உரிமையாளர், கணபதி, கோவை
பெறுநர்: மேலாளர், காலிபரேஷன் பிரிவு

ஐயா, வணக்கம்.

போன மாதம் எங்கள் 112 துண்டு ஸ்லிப் கேஜ் செட்டை, அதாவது அளவுகருவிகளைச் சரிபார்க்கும் எஃகு பிளாக்குகளை, பிழை எவ்வளவு என்று அளந்து தரும் காலிபரேஷனுக்கு உங்களிடம் கொடுத்தோம். நீங்கள் தந்த சான்றிதழை நம்பித்தான் மைக்ரோமீட்டர்களை செட் செய்தோம். இப்போது 140 பம்பு ஷாஃப்ட் ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்திருக்கிறது.

ஷாஃப்ட் 30 மி.மீ. அதற்குமேல் ஒரு மைக்ரான்கூட (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) போகக் கூடாது. கீழே 13 மைக்ரான் வரை விடலாம். வாங்கியவர்கள் அளந்தபோது மூன்று, நான்கு மைக்ரான் கூடுதல். முதலில் பையன்களைத்தான் திட்டினேன், அது இன்னும் உறுத்துகிறது. அப்புறம் பக்கத்துப் பட்டறை செட்டை வாங்கி ஒப்பிட்டால், எங்கள் 25 மி.மீ. பிளாக் 4 மைக்ரான் அதிகம் காட்டியது. அதை வைத்து செட் செய்த மைக்ரோமீட்டர் அந்த அளவு குறைத்துக் காட்டும், ஷாஃப்ட் தடித்துவிடும். விளக்கடியில் சாய்த்துப் பார்த்தேன். ஓரத்தில் பொடியாக ஒரு பிசிறு, நகத்தில் தட்டுப்படுகிறது. நல்ல பிளாக் இன்னொரு பிளாக்கோடு வைத்துத் தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும், இது ஒட்டவே மறுக்கிறது. அந்தப் பிசிறு முன்பே இருந்ததா, உங்களிடம் விழுந்ததா, தெரியாது. எப்படியானாலும் சான்றிதழில் எழுதியிருக்க வேண்டும்.

அதில் இருப்பதோ, 112 துண்டுக்கும் பிழை 0.00. புது கிரேடு 1 (துல்லியத் தரம்) செட்டிலேயே 25 மி.மீ. பிளாக் 0.30 மைக்ரான் கூடவோ குறையவோ இருக்கலாம். எட்டு வருடம் புழங்கிய செட்டில் ஒன்றுகூடத் தேயவில்லையா? அளந்து பார்த்த யாரும் இப்படி எழுத மாட்டார்கள்.

எந்த மாஸ்டரோடு (ஒப்பிட வைத்திருக்கும் மூல பிளாக்) ஒப்பிட்டீர்கள் என்ற எண் இல்லை. நாட்டின் அளவுத் தரங்களை வைத்திருக்கும் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் வரை போய்ச் சேர வேண்டிய ஒப்பீட்டுத் தொடர் முதல் கண்ணியிலேயே அறுந்து கிடக்கிறது. அளவீட்டு நிச்சயமின்மை, அதாவது உங்கள் அளவே எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்பது, எழுதவில்லை. அறை வெப்பநிலையும் இல்லை. 100 மி.மீ. எஃகு பிளாக் 20 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்குப் போனால் 11 மைக்ரானுக்கு மேல் நீளும். மாஸ்டரும் அதே சூட்டில் இருந்தால் கழிந்துவிடும், சரி. ஆனால் இருந்ததா என்று எதை வைத்து நான் நம்புவது?

செட் முழுவதையும் கட்டணமின்றி மறுபடி அளந்து, ஒவ்வொரு துண்டின் உண்மையான பிழையோடு 15 நாளுக்குள் புதுச் சான்றிதழ் தர வேண்டும். ஷாஃப்ட்டுகளைத் திரும்ப கிரைண்டிங் போட்டுச் சரிசெய்தோம். அந்த இரண்டு ஷிப்ட் கூலியையும் வண்டி வாடகையையும் நீங்களே ஏற்க வேண்டும். பில்கள் இணைத்துள்ளேன்.

25 மி.மீ. பிளாக்கை எண்ணெய்த் தாளில் சுற்றித் தனியாக வைத்திருக்கிறேன். ஆள் அனுப்பிப் பாருங்கள்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர்