யாருக்கும் இல்லாத மாதிரிதான் தெரியும்

ஆசிரியருக்கு வணக்கம். போலியோ சொட்டு மருந்து முகாம் பத்தி உள்பக்கத்துல நாலு வரி போட்டிருந்தீங்க, தேதியும் இடமும் மட்டும். எதுக்குப் போடணும்னு ரெண்டு வரி சேத்திருக்கலாம் சார். எங்க தெருவுல ஒரு பொண்ணு, டிகிரி படிச்சது, "நம்ம ஊர்ல யாருக்குமே போலியோ இல்லையே சித்தப்பா, எதுக்கு திரும்பத் திரும்ப"ன்னு என்கிட்டயே கேக்குது, நானோ காலிபர், அதான் சூம்புன காலைத் தாங்குற கம்பிப் பட்டை, மாட்டுன காலை நீட்டிக்கிட்டு திண்ணைல உக்காந்திருக்கேன்!

எனக்கு வந்தப்போ ஒன்றரை வயசு. ரெண்டு நாள் காய்ச்சல், மூணாம் நாள் காலைல அம்மா தூக்கி நிறுத்துனா வலது கால் ஈரத்துணி மாதிரி தொங்குச்சாம். காய்ச்சலுக்கு ஊசி போட்ட டாக்டரைத்தான் அப்பத்தா சாகுற வரைக்கும் திட்டுச்சு. கிருமி உள்ள இருக்கும்போது சதைல ஊசி குத்துனா அந்தக் கால்ல வாதம் விழுற வாய்ப்பு கூடும்ங்கிறது நெசம்தான், ஆனா கிருமி வந்தது ஊசில இருந்து இல்ல, வாய் வழியா.

தொத்துன பிள்ளையோட மலத்துல வாரக்கணக்கா கிருமி வெளியேறும், வாய்க்கா தண்ணி, கழுவாத கை, ஈ மொய்க்கிற பண்டம்னு அடுத்த பிள்ளை வாய்க்குப் போயிரும். குடல்ல பெருகி, சிலருக்கு மட்டும் தண்டுவடத்துக்கு ஏறி தசையை அசைக்கிற நரம்பைக் கொன்னுடும், செத்த நரம்பு திரும்பாது. அதிகமா மாட்டுறது அஞ்சு வயசுக்குக் கீழதான். 200 பேருக்கு தொத்துனா சுமாரா ஒருத்தருக்குதான் வாதம், மத்தவங்கள்ல முக்காவாசி பேருக்கு தும்மல் கூட வராது, ஆனா பரப்பிக்கிட்டேதான் இருப்பாங்க. அப்போ எங்க தெருவுலயும் நான் ஒருத்தன்தான்.

நம்ம நாட்டுல இயற்கையா பரவுற போலியோ கிருமியால வந்த கடைசி கேஸ் 2011 ஜனவரில, மேற்கு வங்கம் ஹவுரால ஒரு ரெண்டு வயசுப் பாப்பாவுக்கு. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான்ல இன்னும் ஓடுது. 2024ல காசாவுல பத்து மாசக் குழந்தைக்கு கால் விழுந்துச்சு, அது சொட்டு மருந்துல இருக்குற பலவீனமான கிருமியே மருந்து கெடைக்காத பிள்ளைங்களுக்குள்ள சுத்திச் சுத்தி வீரியமானது. உடனே பாத்தியா மருந்தாலதான்னு கெளம்பாதீங்க, எல்லாப் பிள்ளைக்கும் போட்டிருந்தா அது சுத்த இடமே கெடைச்சிருக்காது.

அடுத்த முகாமுக்காவது, தடுப்பூசி அட்டைல எல்லாம் போட்டாச்சுன்னாலும் இந்தச் சொட்டு போடணும், வெளியூர்ல இருந்தா அங்கயே பஸ் ஸ்டாண்டுல போட்டுக்கலாம்னு கொஞ்சம் பெரிய எழுத்துல போடுங்க சார்.

- ஒரு வாசகர், சிவகங்கை மாவட்டம்