‘ஃபர்ஸ்ட் காப்பி’ வாட்சுக்குக் கொடுக்கும் பணம் எங்கே போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சம்பா அறுவடைப் பணம் கைக்கு வந்து, தை முகூர்த்தங்களும் தொடங்கிவிட்டால் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர்க் கடைத்தெருக்களில் மாப்பிள்ளை வாட்ச் வாங்க வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். ரோலக்ஸ், ராடோ, ஒமேகா பெயர் அச்சிட்ட நகல் வாட்சுகள் அப்போது நன்றாக விற்கும். அசல் அல்ல என்று தெரிந்தேதான் பலரும் வாங்குகிறார்கள். கொடுக்கிற விலைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் தெரிவதில்லை. வாட்ச் பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கும் நாங்கள் அதை எழுத விரும்புகிறோம்.

‘ஃபர்ஸ்ட் காப்பி’, ‘7ஏ’, ‘மாஸ்டர் காப்பி’ என்று தரம் பிரித்து விலை சொல்கிறார்கள். இந்தப் பெயர்களுக்கு எந்த அளவுகோலும் கிடையாது. சான்று கொடுப்பவரும் யாரும் இல்லை. ஒரே மிஷின் மூன்று பெயரில் மூன்று விலைக்குப் போகும். பெட்டியில் 12,999 என்று அச்சிட்டு 1,499க்குத் தருவதாகச் சொல்லும் தள்ளுபடியும் அப்படித்தான். அந்த 12,999க்கு அந்த வாட்ச் எங்கும் விற்றதே இல்லை.

செல் போட்டு ஓடும் நகல்களில் பெரும்பாலும் இருப்பது சீனாவின் பி.சி. 21 ரக மிஷின். மொத்த விலையில் அது நூறு ரூபாயை ஒட்டித்தான் வரும். கொஞ்சம் நல்ல நகலில் சிட்டிசன் குழுமத்தின் மியோட்டா 2035 இருக்கும். 1,500 ரூபாய் நகல் ஒன்றைப் பிரித்து கேஸ், டயல், செயின், மிஷின் என்று தனித்தனியாக விலை போட்டால் 400 ரூபாய்க்கு மேல் தேறுவது அரிது என்பது எங்கள் மதிப்பீடு. மீதிப் பணம் டயலில் இருக்கும் பெயருக்குப் போகிறது.

இந்த மிஷின்களில் முள்ளை ஓட்டும் காயிலின் (மின்சுருள்) கம்பி தலைமுடியைவிட மெல்லியது. செல் மாற்றும்போது ஸ்க்ரூ டிரைவர் வழுக்கி அதில் பட்டால் அறுந்துவிடும். காயில் தனியாகக் கிடைக்காது. மிஷினையே மாற்ற வேண்டும். கடையில் வரும்போதே போட்டிருக்கும் மலிவான ஏ.ஜி. 4 அல்கலைன் செல் இன்னொரு தொல்லை. தீர்ந்த பிறகு அது கசிந்து சர்க்யூட்டை அரித்துவிடும். அதே அளவில் 1.55 வோல்ட் சில்வர் ஆக்சைடு செல், எஸ்.ஆர். 626 எஸ்.டபிள்யூ. என்று கேட்டுப் போடுங்கள். வாட்ச் நின்றுவிட்டால் பீரோவில் வைக்காமல் உடனே செல்லைக் கழற்றிவிட வேண்டும்.

செல் இல்லாமல் கை அசைவிலேயே சாவி ஏறி ஓடும் ஆட்டோமேட்டிக் நகல்கள் 3,000 ரூபாய்க்கு மேல் விற்கின்றன. அவற்றில்தான் ஏமாற்றம் பெரிது. சுவிஸ் மிஷின் என்று சொல்லி விற்பார்கள். திறந்தால் பெரும்பாலும் 2813 என்ற சீன மிஷின் இருக்கும். மியோட்டா 8215-இன் அமைப்பைப் பார்த்துச் செய்தது. மொத்த விலை சுமார் ஆயிரம் ரூபாய். சுழலும் ரோட்டர் தகட்டில் பெரிய நிறுவனத்தின் பெயரைப் பொறித்திருப்பார்கள். அது வெறும் அலங்காரம். 2813 மணிக்கு 21,600 முறை, அதாவது நொடிக்கு 6 முறை துடிக்கும். இன்றைய ரோலக்ஸ் மிஷின்களில் பெரும்பாலானவை மணிக்கு 28,800 முறை, நொடிக்கு 8 முறை துடிப்பவை. ஆகவே செகண்ட் முள் வழுக்கிக்கொண்டு ஓடுவதைக் காட்டி அசலுக்கு நிகர் என்றால் நம்ப வேண்டாம். நொடிக்கு ஒரு தாவல் இல்லையென்றால் அது செல்லில் ஓடும் சாதாரண குவார்ட்ஸ் அல்ல என்பதற்கு மேல் அந்த ஓட்டம் எதையும் நிரூபிக்காது.

நேரத் துல்லியத்திலும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். அசல் ஜப்பான் மிஷினான 8215-க்கே நிறுவனம் சொல்லும் வரம்பு, நாளொன்றுக்கு 20 நொடி பிந்துவது முதல் 40 நொடி முந்துவது வரை. 2813-க்கு அந்த உறுதியும் கிடையாது. எண்ணெய் சில மிஷின்களில் துளிகூட இருக்காது, சிலவற்றில் வழியும். இரண்டுமே சக்கரத்தின் அச்சைக் கெடுக்கும். இரவு 9 மணி முதல் அதிகாலை 3 மணி வரை பக்கவாட்டுச் சாவியைத் திருப்பித் தேதி மாற்றினால் தேதிச் சக்கரத்தின் பல் உடையக்கூடும். தேதி மாற்றும் முன் முட்களை 6 மணிக்குக் கொண்டுவந்துவிடுவது நல்லது.

பழுதானால் நல்ல மிஷினாக மாற்றித் தரச் சொல்கிறார்கள். சீகோ குழுமத்தின் என்.எச். 35 நல்ல மிஷின்தான், தனியாகவே 3,000 ரூபாய்க்கு மேல் ஆகும். ஆனால் 2813 இருந்த இடத்தில் அது அப்படியே உட்காராது. 2813-இல் நிமிட முள்ளின் துளை 1.00 மி.மீ., செகண்ட் முள் 0.17 மி.மீ. என்.எச். 35-இல் இவை 0.90, 0.20. முட்கள் பொருந்தாது, டயலை மிஷினில் பிடிக்கும் கால்கள் வேறு இடத்தில் இருக்கும், தேதி ஜன்னல் விலகும். பல நகல்களில் டயலுக்குக் காலே இல்லாமல் பசையில் ஒட்டியிருக்கிறது. 4,000 ரூபாய் வாட்சுக்கு அதே அளவு செலவழித்தாலும் அது சரியாக அமையாது. விற்கப் போனால் எடுப்பார் இல்லை, அடகும் பிடிக்க மாட்டார்கள்.

சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வருகிற வாட்சுகள் எல்லாம் அசல் என்ற நம்பிக்கை நம் பக்கத்தில் அதிகம். அங்கேயும் நகல் விற்கிறது. மிக அதிகமாகப் பார்ப்பது ராடோ நகல். 1962-இல் வந்த டயாஸ்டார் கீறல் விழாத கடின உலோகத்துக்குப் பேர்பெற்றது. கையில் எடுத்தாலே கனக்கும். நகல் கேஸ் துத்தநாகக் கலவை. ஆட்டோமேட்டிக் ராடோவில் டயலில் உள்ள நங்கூரம் அசைந்து சுழலும். வாட்சைச் சாய்த்தும் அது அசையாவிட்டால் சந்தேகப்படுங்கள். குவார்ட்ஸ் ராடோவில் மட்டும் அது நிலையாக இருக்கும். கண்ணாடி எளிதில் கீறல் விழாத சபையரா என்று பார்க்க, நகைக்கடையில் வைரம் சோதிக்கும் வெப்பப் பேனாவை வைத்துப் பார்க்கலாம். சபையரில் முள் ஓரளவு ஏறும், சாதாரண மினரல் கண்ணாடியில் அசையாது. பின்மூடியில் ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்’ என்று மட்டும் பொறித்திருந்தால் மூடி மட்டும்தான் ஸ்டீல் என்று பொருள். மேல்முலாம் ஒரு மைக்ரான்கூட இராது. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி உப்புக் காற்றிலும் வியர்வையிலும் அது சீக்கிரம் உரிந்து, பலருக்கு மணிக்கட்டில் அரிப்பு வருகிறது.

மூன்று சின்ன டயல் வைத்த மாடல்களில், பொத்தானை அழுத்தும்வரை நடுவில் உள்ள பெரிய செகண்ட் முள் 12-இல் நிற்க வேண்டும். எந்நேரமும் அது ஓடினால் அந்தச் சின்ன முட்கள் பெரும்பாலும் கிழமையும் தேதியும் காட்டுபவை, அல்லது வெறும் ஒப்பனை.

டெல்டாவில் இதைவிட முக்கியம் தண்ணீர். 300 மீட்டர் என்று டயலில் எழுதியிருப்பதை நம்பி ஆற்றிலும் பம்புசெட்டிலும் குளித்துவிடுகிறார்கள். நகலில் அது அச்சு மட்டுமே. யாரும் அழுத்தம் வைத்துச் சோதித்ததில்லை. பின்மூடி ரப்பர் வளையம் காய்ந்திருக்கும், திருகும் சாவியில் மரையே பிடிக்காது. அசலில்கூட 30 மீட்டர் என்றால் கைகழுவும்போது தெறிப்பதைத் தாங்கும் என்று மட்டுமே பொருள். நீந்த 100 மீட்டராவது வேண்டும். கண்ணாடிக்குள் பனி படிந்தால் வெயிலில் வைக்காதீர்கள். சாவியை வெளியே இழுத்துவிட்டு அன்றைக்கே திறந்து உலர்த்தக் கொடுங்கள். துரு முதலில் சாவித் தண்டில்தான் பிடிக்கும்.

பழைய எச்.எம்.டி. என்று இணையத்தில் விற்பவை வேறு வகை. நிறுவனத்தின் வாட்ச் பிரிவை மூட மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் ஒப்புதல் கொடுத்த பிறகு, பழைய மிஷினுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்த டயல் வைத்து விற்பது பெருகிவிட்டது. டயல் போலிதான். ஆனால் உள்ளே இருக்கும் 17 கல் மிஷினைக் கழுவி எண்ணெய் போட்டால் ஓடும், பாகமும் கிடைக்கும். நகல்களில் பழுதுபார்க்கத் தகுந்தது இது ஒன்றுதான். பழைய அசல் என்று சொல்லி விலை ஏற்றினால் மட்டும் கொடுக்காதீர்கள்.

1,500 ரூபாய்தான் இருக்கிறது என்றால் அதே பணத்தில் சொனாட்டா, டைமெக்ஸ், கேசியோ பில்லோடும் உத்தரவாதத்தோடும் கிடைக்கும். சொனாட்டாவின் தாய் நிறுவனமான டைட்டனே 1984-இல் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் டாடாவும் சேர்ந்து தொடங்கியது. அதன் வாட்ச் ஆலை ஓசூரில்தான் இருக்கிறது. உத்தரவாதம் இல்லாத எந்த வாட்ச் எடுத்தாலும், பணம் கொடுக்கும் முன் பின்மூடியைத் திறந்து மிஷின் எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். மறுக்கிற கடையில் வாங்க வேண்டாம்.

போலி வர்த்தக முத்திரையோடு விற்பது 1999-ஆம் ஆண்டின் வர்த்தக முத்திரைச் சட்டம் 104-ஆம் பிரிவின்படி குற்றம். 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அதனால்தான் பிராண்டு பெயர் போட்ட பில் தருவதில்லை. பில் இல்லாவிட்டால் வாங்கியதை நிரூபிப்பதே கடினம். நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்தாலும் புகார் நகராது. இறக்குமதிப் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை இருக்க வேண்டும் என்பது எடையளவுச் சட்ட விதி. தொழிலாளர் துறையின் எடையளவு ஆய்வாளர்கள் முகூர்த்த மாதங்களில் வாட்ச் கடைப் பெட்டிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் தொழிலாளர்கள் சிலர்,
கும்பகோணம்.