தெற்கு மாசி வீதிப் பூக்கார அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

நேற்று மல்லிகையை முழம் போட்டபோது, எப்போதும்போல நாலு விரல் கூடவே விட்டு நறுக்கினீர்கள். அந்தக் கையைப் பார்த்ததும் 2020 ஞாபகம் வந்துவிட்டது. நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்கள் மகள் இதைப் படித்துக் காட்டட்டும்.

மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு என்றார்கள். மல்லிகைக்கு அதுதான் சீசன். அரிசி, பருப்பு என்றால் வைத்திருந்து விற்கலாம். காலையில் மொட்டாக வாங்கிய பூ சாயந்திரம் விரிந்துவிட்டால் மறுநாள் குப்பைதானே? கோயிலில் கூட்டம் இல்லை, மண்டபங்கள் பூட்டிக் கிடந்தன. மே 4 அன்று மீனாட்சி கல்யாணத்தை டிவியில் பார்த்துத்தான் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டேன். மற்ற வருஷங்களில் அன்றைக்கு உங்களுக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. அழகரும் அந்த வருஷம் ஆற்றில் இறங்கவில்லை.

ரேஷன் கார்டுக்கு 1,000 ரூபாய் வந்தது, அரிசி கிடைத்தது. சரி, தினமும் வசூலுக்கு வருகிற தண்டல் கடனுக்கு? வங்கிக் கடன் வாங்கியவர்கள் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி வழி செய்தது. எங்கள் வீட்டுக் கடனுக்கு அது கிடைத்தது. உங்கள் தண்டல்காரரை எந்த உத்தரவும் கட்டுப்படுத்தவில்லை. எனக்கு மாசம் பிறந்தால் சம்பளம் வந்தது. உங்களுக்கு விற்றால்தான் காசு. இதை அன்றைக்கு நான் யோசிக்கவே இல்லை, அதுதான் உறுத்துகிறது.

ஜூன் 24-இல் மதுரையில் மறுபடி முழு ஊரடங்கு. அது தளர்ந்த ஜூலையில் கீரைக் கூடையோடு எங்கள் வாசலுக்கு வந்தீர்கள். ஒவ்வொரு கட்டையும் வாழைநாரால், பூக்கட்டுகிற அதே முடிச்சில் கட்டியிருந்தீர்கள். நான் கம்பிக் கதவைத் திறக்கவில்லை. "படியிலேயே வச்சிட்டுப் போங்கக்கா" என்றேன். மீதி கொடுத்த பத்து ரூபாய் நோட்டில் உங்கள் கண் முன்னாலேயே சானிடைசர் அடித்தேன். பயம்தான், தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணமே நம் ஊரில்தான். ஆனாலும், வருஷக்கணக்காக என் தலைக்குப் பூ கட்டிய கை அது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு விஷயம். தெருவோர வியாபாரிகளுக்கு 10,000 ரூபாய் வங்கிக் கடன் தரும் மத்திய அரசுத் திட்டம் அந்த ஜூன் மாதமே வந்தது. தண்டல் வட்டியோடு பார்த்தால் அது எவ்வளவோ மேல். அடையாள அட்டையோ பரிந்துரைக் கடிதமோ கேட்டார்கள். உங்களிடம் இரண்டும் இல்லை. இத்தனை வருஷம் ஒரே முனையில் உட்கார்ந்து விற்கிறவரிடம் அட்டை இல்லை என்பது உங்கள் தப்பு இல்லை. தெருவோர வியாபாரிகளுக்கான சட்டம் 2014-லேயே வந்துவிட்டது. கணக்கெடுத்து அட்டை கொடுக்க வேண்டியது மாநகராட்சியின் வேலை.

செவ்வாய்க்கிழமை நான் லீவு போட்டிருக்கிறேன். ஆதார், ரேஷன் கார்டு, இரண்டு போட்டோ எடுத்து வையுங்கள். காலைப் பூ வித்து முடிந்ததும் பத்து மணிக்கு மாநகராட்சி மண்டல அலுவலகம் போய் அந்த அட்டையைக் கேட்போம். வண்டியில் நானே கூட்டிப் போகிறேன்.