கப்பலுக்குச் சொல்லிவைத்த பிறகு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவனுக்குச் சளி விட்டது, பள்ளிக்கூடம் போகிறான். போன ஞாயிறு போனில் "எப்பத்தான் ஊருக்கு வந்து சேரப்போற?" என்று கேட்டீர்கள், நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

சனிக்கிழமை ஹூஸ்டனிலிருந்து காரில் கிளம்பி, பிராசஸ் ஆற்றங்கரையில் வாஷிங்டன் என்ற ஒரு பழைய ஊருக்குப் போனோம். தலைநகர் வாஷிங்டன் இல்லை, இது வேறு. மெக்சிகோவிலிருந்து பிரிந்து டெக்சஸ் தனி நாடு என்று 1836-இல் கையெழுத்துப் போட்டது இங்கேதான். அந்த நாட்டின் கடைசி ஜனாதிபதி ஆன்சன் ஜோன்ஸின் வீடும் இங்கே இருக்கிறது. பிறந்த ஊர் ஞாபகமாகப் பண்ணைக்குப் பாரிங்டன் என்று பேர் வைத்தாராம். பண்ணையை இன்றும் அந்தக் காலத்து முறையில் நடத்துகிறார்கள். உழவு மாடு பார்த்தேன் அப்பா, மூக்கணாங்கயிறே இல்லை! வாய்ச்சொல்லுக்குத் திரும்புகிறது. பருத்தியும் போட்டிருந்தார்கள், ஒரு காயைத் தொட்டதும் ஓட்டின் முனை விரலில் குத்தியது, நம்ம கரிசல் காட்டில் குத்துகிற அதே குத்து.

இந்த ஜோன்ஸ் ஒரு டாக்டர். வைத்தியம் சரியாக ஓடவில்லை, வியாபாரம் செய்து அதிலும் நொடித்துப்போய் 1833-இல் டெக்சஸ் வந்தவர், வந்த வேகத்திலேயே திரும்பிப்போகக் கப்பலுக்கும் சொல்லிவைத்துவிட்டார். பிரசோரியா ஊர்க்காரர்கள்தான் "அவசரப்படாதீர்கள், கொஞ்ச நாள் இருந்து பாருங்கள்" என்று பிடித்து வைத்திருக்கிறார்கள். சரி என்று இருந்தார். கொஞ்ச நாளில் வருஷத்துக்கு 5,000 டாலர் வருமானம், அப்புறம் சண்டையில் ராணுவ டாக்டர், அப்புறம் அரசியல், நிலம், 1844-இல் ஜனாதிபதிப் பதவி. 1846 பிப்ரவரியில் டெக்சஸ் அமெரிக்காவோடு சேர்ந்தபோது "டெக்சஸ் குடியரசு இனி இல்லை" என்று சொல்லி முடித்துவைத்ததும் அவரேதான்.

பெரிய மனிதர் கதை என்று நினைக்காதீர்கள். அந்தப் பருத்திக்காக முதுகு ஒடிந்தது அடிமைகளாக வைக்கப்பட்ட கறுப்பு ஜனங்களுக்கு. பண்ணையில் அதை மறைக்காமல் சொல்கிறார்கள், ஆனாலும் அதைக் கேட்ட பிறகு வீட்டின் அழகு எனக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் 1857-இல் செனட்டர் ஆகலாம் என்று காத்திருந்தவருக்கு ஒரு ஓட்டுக்கூட விழவில்லை. அடுத்த ஜனவரியில், நான் தினமும் வேலைக்குப் போகிற இதே ஹூஸ்டனில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது காரில் அந்தக் கப்பலைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நானும் இரண்டு வருஷம் என்று சொல்லித்தானே கிளம்பினேன், பதினோரு வருஷம் ஆகிவிட்டது, என்னை யாரும் பிடித்துக்கூட வைக்கவில்லை.

மார்ச்சில் வருகிறோம். டிக்கெட் போட்டாயிற்று, இங்கே திரும்புவதற்கும் சேர்த்து. அம்மாவிடம் அதை நீங்களே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பெரியவன்