இத்தாலியர்களை ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா ஜப்பானியர்களை முகாம்களில் அடைத்தது பற்றிய கட்டுரை நன்றாகவே இருந்தது. ஆனால் இத்தாலியர்களுக்குப் பெரிய பாதிப்பில்லை என்று போகிற போக்கில் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. பிரிட்டனில் நடந்ததைக் கொஞ்சம் பாருங்கள்.

1940 ஜூன் 10 அன்று இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினி ஜெர்மனி பக்கம் போரில் இறங்கியதும் லண்டன் சோஹோவிலும் எடின்பரோவிலும் இத்தாலியர் கடைகளை அடித்து நொறுக்கினார்கள். போலீஸ் வந்து ஆண்களைப் பிடித்துக்கொண்டு போனது, மொத்தம் சுமார் 4,000 பேர். பெரும்பாலும் காபிக்கடைக்காரர்கள், ஐஸ்கிரீம் விற்றவர்கள், ஹோட்டல் சர்வர்கள். வருஷக்கணக்காக அங்கேயே பிழைத்தவர்கள், சிலருடைய மகன்கள் அப்போது பிரிட்டிஷ் ராணுவத்திலேயே இருந்தார்கள்!

இதில் ஆபத்தானவர்கள் யார் என்று பிரிட்டிஷ் உளவுத்துறையான எம்ஐ5 ஒரு பட்டியல் போட்டது. முசோலினியின் பாசிஸ்ட் கட்சிக் கிளையில் உறுப்பினராக இருந்தாலே போதும், விசாரணை கிடையாது. அந்தக் கிளைக்குப் பலர் போனது நம் ஊர்ச் சங்கங்களுக்குப் போவது மாதிரி, நாலு பேரைப் பார்க்கத்தான். அதைவிடக் கொடுமை, பாசிசத்தை வெளிப்படையாக எதிர்த்துவந்த டெச்சியோ அன்சானி என்ற லண்டன் தையல்காரரையும் கப்பலில் ஏற்றிவிட்டார்கள்.

பட்டியலில் இருந்தவர்களை நாடுகடத்திய அந்தக் கப்பல்தான் அரண்டோரா ஸ்டார். லிவர்பூலிலிருந்து கனடாவுக்குப் புறப்பட்டது, துணைக்குப் போர்க்கப்பல் இல்லை, தளத்தில் முள்கம்பி வேலி வேறு. ஜூலை 2 காலை அயர்லாந்துக்கு வடமேற்கே ஜெர்மன் நீர்மூழ்கி யு-47 அதை மூழ்கடித்தது. செத்த 800-க்கும் மேற்பட்டவர்களில் இத்தாலியர்கள் மட்டும் 400-க்கு மேல், அன்சானியும் அதில் ஒருவர். வட இத்தாலியில் பார்டி என்ற சின்ன ஊர், வேல்ஸில் காபிக்கடை வைத்தவர்களில் பலருக்குப் பூர்வீகம், அந்த ஒரு ஊருக்கு மட்டும் 48 சாவு. சரி, தப்பியவர்களையாவது விட்டார்களா என்றால் அதுவும் இல்லை, அவர்களில் சுமார் 200 இத்தாலியர்களை ஒரு வாரம் கழித்து டுனேரா என்ற கப்பலில் ஏற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள்.

போர்க்கால அவசரம், வேறு வழியில்லை என்பார்கள். பிரான்ஸ் விழுந்துகொண்டிருந்த நேரம், பயம் இருந்திருக்கும், கைது செய்ததற்கு அதைக் காரணமாகச் சொல்லலாம். ஆனால் நீர்மூழ்கிகள் சுற்றும் கடலில் காவலில்லாமல் அனுப்பியதற்குமா அது காரணம்?

அமெரிக்கா தன் பங்குக்கு 2000-இல் ஒரு சட்டம் போட்டு அங்கே இத்தாலியர்களுக்கு நடந்த அநீதியை ஒப்புக்கொண்டது. சுமார் 600 இத்தாலியர்களை அடைத்துவைத்த கனடா 2021-இல் நாடாளுமன்றத்திலேயே மன்னிப்புக் கேட்டது. பிரிட்டன் அரசு மட்டும் இதுவரை கேட்கவில்லை. இதையும் சேர்த்து ஒரு கட்டுரை போடுங்கள், பக்கம் போதாவிட்டால் இரண்டு இதழ்களில் வரட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி