ஒரே கர்னல், இரண்டு வேகம்: சர்வர் பராமரிப்பு வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பல ஆண்டுகள் புதுப்பிக்கப்படாமல் கிடந்த சில சர்வர்களுக்குச் சென்ற மாதம் புதிய லினக்ஸ் கர்னலை (இயங்குதளத்தின் மையநிரலை) ஏற்றினோம். அதன்பின் உங்களில் மூவர் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். "இரண்டு சர்வர்களிலும் ஒரே கர்னல்தான். புதியது வழக்கம்போல ஓடுகிறது. பழையதில் மட்டும் இரவுக் கணக்கு முடியத் தாமதமாகிறதே, ஏன்?" துவக்க வரியில், செயலிக் குறைகளுக்கான பாதுகாப்பு ஏற்பாடுகளை அணைக்கும் 'மிட்டிகேஷன்ஸ் ஆஃப்' என்பதைச் சேர்த்தால் பழைய வேகம் திரும்பிவிடும் என்று ஒருவர் தேடிக் கண்டுபிடித்து எழுதியிருந்தார். அது பெரும்பாலும் உண்மைதான். ஆனாலும் செய்ய மறுத்தோம். தொலைபேசியில் இரண்டே வாக்கியத்தில் மறுத்தது எங்களுக்கே மனநிறைவு தரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

அச்சாகி வந்துவிட்ட புத்தகத்தில் பிழை இருந்தால், பிழைதிருத்தத் தாள் ஒன்றை உள்ளே செருகித் தருவார்கள். செயலிகளின் நிலையும் அதுதான். சிலிக்கானில் பதிந்துவிட்ட சுற்றை யாரும் திருத்த முடியாது. தயாரிப்பாளர்களே ஒவ்வொரு செயலிக்கும் நீண்ட பிழைப்பட்டியல் வெளியிடுகிறார்கள். அதில் பல பிழைகளுக்கு எதிரே, இதைத் திருத்தும் திட்டம் இல்லை என்றே எழுதியிருக்கும். அந்தக் குறைகளோடு இயந்திரத்தை ஓட்டிச் செல்லும் பொறுப்பு கர்னலின் தலையில் விழுகிறது.

எங்களுக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு 1997இல் நடந்தது. அந்த ஆண்டு நவம்பரில் இன்டெல் பென்டியம் செயலிகளில் ஒரு குறை வெளிப்பட்டது. நான்கே பைட் நீளமுள்ள ஒரு செல்லாத கட்டளையை எந்தச் சாதாரணப் பயனர் ஓட்டினாலும் இயந்திரம் முழுதும் உறைந்துவிடும். கட்டளை செல்லாது என்று கண்டதும், அதைக் கவனிக்கும் நிரல் எங்கே இருக்கிறது என்று அறிய ஓர் அட்டவணையைச் செயலி படிக்கப்போகும். அந்தப் படியில்தான் மாட்டிக்கொள்ளும். லினக்ஸ் கர்னலை எழுதுவோர் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த அட்டவணை இருக்கும் நினைவகப் பக்கத்தை எழுத முடியாத பக்கமாக்கினார்கள். அந்தப் படியில் செயலி எழுத வருவதுபோலவே அங்கே தொடும் என்பதால், உறைவதற்குப் பதிலாகப் பக்கப்பிழை எழும். கட்டுப்பாடு கர்னலிடம் வந்துவிடும். செல்லாத கட்டளைக்கு உரிய, அட்டவணையின் 6ஆம் எண்ணைத் தொட்டதால் வந்த பிழையா என்று கர்னல் பார்க்கும். ஆமென்றால், வம்பு செய்த அந்த ஒரு நிரலை மட்டும் நிறுத்தும். முள்ளை முள்ளால் எடுத்த வேலை. இதனால் வேகமும் குறையவில்லை.

எல்லாக் குறைகளும் இவ்வளவு மலிவாக அடங்குவதில்லை. 2018 ஜனவரி 3 அன்று மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற இரண்டு செயலிக் குறைகள் வெளியாயின. உங்கள் பழைய சர்வரின் தாமதத்துக்கு முதன்மைக் காரணம் மெல்ட்டவுன். அதுவரை ஒவ்வொரு நிரலின் பக்க அட்டவணையிலும் (நினைவகத்தில் எது எங்கே இருக்கிறது என்று காட்டும் பட்டியலிலும்) கர்னலின் நினைவகமும் சேர்ந்தே இருந்தது. உள்ளே நுழைய நிரலுக்கு அனுமதி கிடையாது என்ற ஒரு குறிதான் காவல். பழைய இன்டெல் செயலிகளோ, வேகத்துக்காக, அனுமதி சரிபார்ப்பு முடியும் முன்பே தரவை எடுத்து அடுத்த வேலையைத் தொடங்கிவிட்டன. பிறகு அனுமதி இல்லை என்று தெரிந்து எல்லாவற்றையும் துடைத்தாலும், அண்மையில் தொட்ட தரவைச் செயலி வைத்துக்கொள்ளும் வேகமான கேஷ் நினைவகத்தில் தடம் எஞ்சியது. தரவு எவ்வளவு விரைவாக வருகிறது என்று நேரத்தை அளந்து, அந்தத் தடத்திலிருந்து கடவுச்சொல்லைக்கூடப் படிக்க முடிந்தது.

கர்னல் கண்ட தீர்வு, அட்டவணையை இரண்டாகப் பிரிப்பது. நிரல் ஓடும்போது கர்னலின் நினைவகம் கண்ணிலேயே படாத ஓர் அட்டவணை. கர்னல் வேலை செய்யும்போது முழு அட்டவணை. நிரல் கர்னலைக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் போக ஒன்று, வர ஒன்று என்று அட்டவணை மாறுகிறது. கணக்கீடு மட்டும் செய்யும் நிரலுக்கு இது உறைக்காது. சிறுசிறு பதிவுகளாக ஓயாமல் வட்டில் எழுதும் தரவுத்தளத்துக்கு நன்றாகவே உறைக்கும்.

அப்படியானால் புதிய சர்வர் ஏன் பாதிக்கப்படவில்லை? கர்னல் துவங்கும்போதே செயலியின் மாதிரியைப் பார்த்து, அதற்கு எந்தெந்தக் குறைகள் உண்டு என்று குறித்துக்கொள்கிறது. பிறகு தன் சொந்தக் கட்டளைகளில் சிலவற்றை நினைவகத்திலேயே மாற்றி எழுதிக்கொள்கிறது. தேவையில்லாத இயந்திரத்தில் மாற்று ஏற்பாடு உறங்கிக் கிடக்கும். ஏஎம்டி செயலிகளுக்கு மெல்ட்டவுன் இல்லை என்பதால் அவற்றில் அட்டவணை பிரிவதில்லை. பிற்கால இன்டெல் செயலிகள் தமக்கு அந்தக் குறை இல்லை என்று தாமே அறிவிக்கின்றன; கர்னல் அதை மதிக்கிறது. உங்கள் இயந்திரத்தின் நிலையைச் சிஸ் அடைவுக்குள் சிபியு பகுதியில் உள்ள 'வல்னரபிலிட்டீஸ்' கோப்புகளில் நீங்களே படிக்கலாம். குறைக்கு ஒரு கோப்பு, கோப்புக்கு ஒரு வரி.

"எங்கள் சர்வரில் அந்நியர் யாரும் நுழைவதில்லையே" என்று கேட்டீர்கள். சென்ற மாதம் நாங்கள் பார்த்த ஒரு சர்வரின் திரையில் உலாவி திறந்திருந்தது. பக்கத்துக்குப் பக்கம் ஜாவாஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. அது அந்நியர் எழுதிய நிரல்தான். ஸ்பெக்டர் வெளியானபோது உலாவிகளே தங்கள் கடிகாரத்தின் துல்லியத்தைக் குறைத்துக்கொண்டது இதனால்தான். வலைச்சேவையில் உள்ள ஓர் ஓட்டை வழியாகக் கடைநிலைப் பயனர் கணக்கில் நுழைபவருக்கும் இந்தக் குறைகள் உள்கதவைத் திறந்துவிடும். வெளி இணைப்பே இல்லாமல், உங்கள் சொந்தக் கணக்கீட்டு நிரல் மட்டும் ஓடும் இயந்திரம் என்றால், எழுத்தில் கேளுங்கள், அணைத்துத் தருகிறோம். சம்பளக் கணக்கும் நோயாளிகளின் பதிவும் இருக்கும் சர்வரில் அணைக்க மாட்டோம்.

வேகத்துக்கு வேறு வழிகள் உண்டு. மூவரில் ஒருவரின் மெய்நிகர் கணினிக்கு, செயலியின் பிசிஐடி என்ற வசதி மறைக்கப்பட்டிருந்தது. அட்டவணை மாறும்போது முகவரிக் குறிப்புகளை மொத்தமாகத் துடைக்காமல் காப்பது அதுதான். அதைத் திறந்துவிட்டதும் தாமதம் கண்கூடாகக் குறைந்தது. மற்ற இருவரின் மென்பொருள் ஒவ்வொரு பதிவையும் தனித்தனியே வட்டில் எழுதி உறுதிசெய்கிறது. தொகுதியாக எழுதும்படி மாற்ற அவர்களின் நிரலாளர்களுடன் பேசிவருகிறோம்.

கடைசியாக, மறுதொடக்கம் பற்றி. செயலிக்குள் ஏற்றப்படும் மைக்ரோகோட் (செயலியின் உள்நிரல்) திருத்தம் மின்சாரம் நின்றதும் மறைந்துவிடும். ஒவ்வொரு துவக்கத்திலும் கர்னல் அதை மீண்டும் ஏற்றுகிறது. எனவே மறுதொடக்கம் செய்யாமல் இந்தப் பராமரிப்பு முழுமையாகாது. புதிய திருத்தத்தை அது வெளியான அன்றே ஏற்றவும் மாட்டோம். 2018 ஜனவரியில் வந்த மைக்ரோகோட் சில இயந்திரங்களைத் தாமாகவே மறுதொடக்கம் ஆகவைத்தது. அதைப் பரப்புவதை நிறுத்துமாறு அதே மாதம் 22ஆம் தேதி இன்டெல்லே அறிவுறுத்தியது. அந்தப் பழுதுபட்ட பதிப்புகளின் பட்டியல் கர்னலுக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. ஆகவே எதையும் முதலில் எங்கள் சொந்த இயந்திரங்களில் ஒரு வாரம் ஓட்டிய பிறகே உங்களிடம் கொண்டுவருவோம்.

அடுத்த பராமரிப்பு இந்த மாதத்தின் கடைசி ஞாயிறு, இரவு 10 மணிக்கு. அன்று நிறுத்தவே கூடாத சர்வர் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள். சர்வர் திரையில் உலாவி திறந்திருந்தால், இன்றே மூடிவிடுங்கள்.

அன்புடன்,
சர்வர் பராமரிப்புக் குழுவினர்