மேல்விலை எப்படி முடிவானது? பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் தலைவருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் ஒரு புதிய பங்கு வெளியீட்டுக்கு நானும் மனைவியும் மகனும் தனித்தனியே விண்ணப்பித்தோம். மூவருக்கும் ஒரே குறுஞ்செய்தி: ஒதுக்கீடு இல்லை, முடக்கிய பணம் விடுவிக்கப்படுகிறது. பட்டியலான காலையில் அந்தப் பங்கு ஒன்றரை மடங்கு விலையில் தொடங்கியது. முந்தைய மாதம் வேறொரு வெளியீட்டில் மூவருக்கும் கேட்டது கேட்டபடி கிடைத்தது. அன்று வீட்டில் கேசரி கிளறினோம். முதல் நாளே விலை சரிந்தது. பெரிய நிறுவனங்கள் ஒதுங்கிய பந்தியில்தான் எங்களுக்கு இலை போட்டிருக்கிறார்கள் என்பது பிறகுதான் புரிந்தது.

இப்படி அடிபடுகிறவர்கள் சந்தையை விட்டே போய்விடாதிருக்க, புதிய பங்கின் விலையைச் சற்றுக் குறைத்து வைக்க வேண்டியிருக்கிறது என்று பொருளியல் ஆய்வாளர் கெவின் ராக் 1986-லேயே விளக்கினார். சற்று என்றால் எவ்வளவு?

2019 அக்டோபரில் ரயில் பயணச்சீட்டு விற்கும் ஐஆர்சிடிசி நிறுவனத்தின் பங்கை அரசு 320 ரூபாய்க்கு விற்றது. பட்டியலான அன்று காலை அது 644 ரூபாய். விற்றவை சுமார் 2 கோடி பங்குகள். அந்த விலையில் கணக்கிட்டால், கருவூலத்துக்கு வராமல் போனது 600 கோடிக்கும் மேல். 2023 நவம்பரில் 500 ரூபாய்க்குக் கொடுத்த டாடா டெக்னாலஜிஸ் பங்கு 1,200 ரூபாயில் தொடங்கியது. விண்ணப்பங்கள் எத்தனை மடங்கு குவிந்தாலும் முன்பே குறித்த விலை வரம்பின் உச்சமான மேல்விலை பெரும்பாலும் அசைவதில்லை. அதைக் குறிப்பதில் கைகொடுத்து வெளியீட்டை நடத்தித் தரும் மெர்ச்சன்ட் பேங்கரிடம் பங்கு வெளியிடும் நிறுவனம் பெரும்பாலும் ஒருமுறைதான் வருகிறது. வாங்கும் ஃபண்டுகளோ ஒவ்வொரு வெளியீட்டுக்கும் வருகின்றன. அவர் யார் மனம் கோணாமல் நடந்துகொள்வார்?

ஆகவே கேட்கிறேன்: முதல் நாள் விலை வெளியீட்டு விலையை 50 சதவீதத்துக்கு மேல் தாண்டினால், மேல்விலையை எந்தக் கணக்கில் வைத்தார் என்று மெர்ச்சன்ட் பேங்கர் எழுத்தில் வெளியிட வேண்டும்.

வெளியீடு தொடங்குமுன்பே பங்கு பெறும் பெரிய நிறுவனங்களான ஆங்கர் முதலீட்டாளர்கள் நீங்கலாக மற்றவர்கள் பெற்ற பங்குகளில், மதிப்பில் 54 சதவீதம் ஒரு வாரத்துக்குள் விற்கப்பட்டதாக 2024-இல் உங்கள் ஆய்வே சொன்னது. உடனே எங்களைச் சூதாடிகள் என்றார்கள். விலை எப்படி வந்தது என்று எங்களுக்குப் புரியும்படி ஒருவரும் சொல்லாத சந்தையில் நாங்கள் எதை நம்பிப் பொறுமை காப்பது? பட்டியலாகும் முன்பே அதிகாரபூர்வமற்று நடக்கும் கிரே மார்க்கெட்டின் வதந்தியைத் தவிர எங்கள் கையில் என்ன இருக்கிறது?

குரல் உயர்ந்திருந்தால் பொறுத்தருளுங்கள். பங்கு கிடைக்காததை நான் முறையிடவில்லை. குலுக்கலில் தோற்பது எனக்குச் சம்மதமே. மேல்விலை வைத்த கணக்கை மட்டும் வெளியிடச் செய்யுங்கள் என்று பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சில்லறை முதலீட்டாளர் ஒருவர்,
மதுரை